மீன் அறையில் போட்ட மூட்டம்

மங்களாம்பிகைக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. டீக்கடை கிளாஸின் விளிம்பு, பந்தியில் பக்கத்து இலைக்காரர் உறிஞ்சும் ரசம், பஸ் ஜன்னலில் வழிந்து காய்ந்திருக்கும் வெற்றிலைச் சாறு, பேசிக்கொண்டே பல் குத்துகிற ஆசாமி, இவையெல்லாம் அவளுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் கை நனைக்காமல் மொய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ஆனால் மீனுக்குப் போடுகிற சிவப்புப் புழுவை, நூல் நூலாக நெளிகிறதை, வெறும் கையால் அள்ளி ஏழு தண்ணீரில் அலசுவாள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அவளுக்குப் புரட்டாது. உயிருள்ளது நெளியத்தானே செய்யும் என்பாள். அசிங்கம் என்பது மனுசர் வாயிலிருந்து வருவதுதான் என்பது அவள் கட்சி.

ஒரத்தநாட்டுக்கு மேற்கே, புது ஆற்றிலிருந்து பிரிகிற கிளை வாய்க்கால் ஓரத்தில் வீடு. கணவன் கோவிந்தராசு பதினோரு வருடமாக மஸ்கட்டில். ஒரே மகள் வானதி திருச்சியில் ஹாஸ்டல். வீட்டின் முன்பாதி மங்களத்துக்கு, பின்பாதி கோவிந்தராசுவின் அண்ணன் சாமிதுரைக்கும் அவர் மனைவி அம்சத்துக்கும். இரண்டு பாதிக்கும் நடுவே, நெல் மூட்டை அடுக்குவதற்காக மாமனார் காலத்தில் கட்டிய அறை ஒன்று இருந்தது. ஒரே ஒரு கதவு, ஒரே ஒரு ஜன்னல், எலிக்குப் பயந்து கட்டிய தடித்த சுவர். அந்த அறையைத்தான் நாலு வருடத்துக்கு முன்னால் மங்களம் மீன் வளர்க்கக் கேட்டு வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிட, கணவனிடம் போனில் அழுது பிடுங்கினாள் என்பதே சரி.

முப்பத்தாறு கண்ணாடித் தொட்டிகள், மூன்றடுக்கு இரும்பு ஸ்டாண்டில். வண்ண மீன்களிலேயே அவளுக்கு டிஸ்கஸ் மேல்தான் பித்து. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக, குட்டி ஊத்தப்பம் ஒன்று நிமிர்ந்து நின்று நீந்துவதுபோல் இருக்கும். அழகு எவ்வளவோ அவ்வளவு அடமும் உண்டு. தண்ணீர் இருபத்தெட்டு, இருபத்தொன்பது டிகிரி இருக்க வேண்டும். அழுக்கு ஆகாது, திடீர் மாற்றம் ஆகாது. தஞ்சாவூர்ச் சீமையில் சித்திரை வைகாசியில் இது பெரிய காரியமில்லை. ஐப்பசி அடைமழையும் மார்கழிப் பனியும் வந்தால்தான் வினை.

முதல் மார்கழியில் தொட்டிக்கொரு ஹீட்டர் போட்டாள். ஒருநாள் சுவிட்சை அணைக்காமலே தண்ணீர் மாற்றினாள். பாதித் தண்ணீர் இறங்கியதும் வெளியே தெரிந்த கண்ணாடிக் குழல் பட்டென்று வெடித்தது. கையில் ஷாக் அடித்து விழுந்தவள் எழுந்தபோது தொட்டியில் ஒரு மீனும் அசையவில்லை. இரண்டாம் மார்கழியில் தொட்டிகளை விட்டுவிட்டு அறையையே சூடாக்கினாள். மேற்கூரையிலும் சுவரிலும் தெர்மோகோல் ஒட்டி, சூடு போதிய அளவு வந்ததும் தானாக அணைகிற ஹீட்டரைச் சுவரில் மாட்டி, சூடு மேலேயே தங்கிவிடாமல் சுற்றிவர ஒரு சின்ன ஃபேன் வைத்தாள். அப்படியும் மேலடுக்கு எப்போதும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். அதனால் டிஸ்கஸ் மேலே, குளிர் தாங்கும் தங்கமீன் கீழே. எந்த வயரும் பிளக்குக்கு நேராகப் போகாது. கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறும், வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கரண்ட் எங்கே கசிந்தாலும் மொத்தத்தையும் துண்டிக்கிற சுவிட்ச் ஒன்று வாசலில். மாற்றும் தண்ணீரை முதல்நாளே நீல டிரம்மில் பிடித்து, மூடி போட்டு, அதே அறையில் வைத்துவிடுவாள். அப்போதுதான் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்.

ஜன்னலையும் விட்டுவைக்கவில்லை. தெர்மோகோல் அடைத்து, சுற்றிலும் டேப் ஒட்டினாள். அறைக்குள் ஈரம் கோத்துச் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்தபோதுதான், பகலில் அரைமணி நேரம் கதவைத் திறந்துவைக்கப் பழகினாள். ஜன்னல் டேப்பை மட்டும் பிரிக்கவில்லை. ஒரு இடுக்கு விடாமல் தானே அடைத்த ஜன்னல் என்று அவளுக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமிதுரையைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். மங்களத்தின் அருவருப்பில் முக்கால் பங்கு அவருக்குத்தான். காலையில் அவர் தொண்டையைக் காறுகிற சத்தம் வாய்க்காலுக்கு அக்கரை வரை கேட்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலை. துப்புவதற்கு அவருக்கு இடம் பொருள் ஏவல் கிடையாது. மீன் அறைச் சுவரின் வெளிப்புறம் ஒரு ஆள் உயரத்துக்குச் சிவந்து கிடக்கும். மங்களம் தேய்த்துக் கழுவுவாள், மறுநாள் மறுபடி சிவக்கும். ஒருநாள் சுண்ணாம்பு ஒட்டிய விரலைத் தொட்டிக்குள் விட்டு, "என்னம்மா, வெந்நி மாரி இருக்கு, மீனு வெந்துராது?" என்று கேட்டார். அவர் போனபின் அந்தத் தொட்டித் தண்ணீரை மொத்தமாக மாற்றினாள். எதிரில் நின்று சொல்ல முடியுமா? கணவனுக்கு அண்ணன். "இல்லைங்க மாமா, சரியாத்தான் இருக்குங்க" என்றுதான் சொல்ல முடியும்.

அவருக்கு எல்லாம் தெரியும். வயலும் தெரியும், வக்கீலும் தெரியும், கோழியும் தெரியும். கொல்லைக் கீற்றுக் கொட்டகையில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். மழைக்காலத்தில் குஞ்சுகள் விறைக்காமலிருக்க ஒரு உடைந்த இரும்புச் சட்டியில் நெல் உமியைக் கொட்டி, நடுவில் நாலு கரித்துண்டு வைத்து மூட்டம் போடுவார். தீ எழும்பாது. உமி கனன்றுகொண்டே கிடக்கும், ராத்திரி முழுக்கச் சூடு தரும். அவர் அப்பா செய்தார், அவர் செய்கிறார், ஒரு குஞ்சுக்கும் ஒன்றும் ஆனதில்லை. கீற்றுக் கொட்டகையில் ஆயிரம் ஓட்டை இருப்பதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் யோசித்ததில்லை. யோசிக்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது.

போன தீபாவளிக்குக் கோவிந்தராசு வந்திருந்தபோது அண்ணன் பேச்சை எடுத்தார். சம்பா அறுவடை ஆனால் மூட்டை அடுக்க இடமில்லை, நெல் இருந்த இடத்தில் மீனா, மூன்று மார்கழியும் செத்த மீனை வாரிக் கொட்டினதுதானே மிச்சம் என்றார். கோவிந்தராசு தலையைச் சொறிந்தான். மஸ்கட்டுக்குத் திரும்பும் நாளில் மங்களத்திடம் சொன்னான்: "இந்தத் தடவை குஞ்சு நிக்கலைன்னா அண்ணன் சொல்றபடி ரூமை விட்டுரு மங்களம். தையிலே முடிவு பண்ணிக்கலாம்."

கார்த்திகைக் கடைசியில், சிவப்பு ஜோடி ஒன்று முட்டையிட்டது. முன்பும் இட்டிருக்கிறது. தாய் தகப்பனே தின்றுவிடும், அல்லது பூஞ்சை பிடித்து வெளுத்துவிடும். இந்த முறை பொரித்தது. ஐந்தாம் நாள் குஞ்சுகள் நீந்தி எழுந்து பெற்றவற்றின் உடம்பில் போய் ஒட்டின. டிஸ்கஸ் குஞ்சுக்கு முதல் ஆகாரம் பெற்றவற்றின் தோலில் ஊறுகிற கோழைதான். அடுத்த வீட்டுத் தையல்காரி நூர்ஜஹானைக் கூட்டிவந்து காட்டினாள். அந்த அறை வாடைக்கே மூக்கை மூடுகிறவள் நூர்ஜஹான்.

"ச்சீ, சளியையா திங்குது? எனக்குக் கொமட்டுதுக்கா" என்று முக்காட்டை மூக்கோடு அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

மங்களத்துக்குக் குமட்டவில்லை. இத்தனை வருடத்தில் அவள் கண்ட பந்திகளிலேயே சுத்தமான பந்தி அதுதான் என்று பட்டது. மூன்று முறை எண்ணினாள். நூற்றி அறுபதுக்குக் குறையாது. தை வரை இவை நின்றால் அறை நிற்கும்.

மார்கழி ஆறாம் தேதி விடியற்காலை, புயல் மழையில் கரண்ட் போனது. வாய்க்கால் ஓரத்துக் கம்பம் இரண்டு சாய்ந்துவிட்டன, நாளைக்குத்தான் வரும் என்றார்கள். மங்களம் பதறவில்லை. இதற்குத்தான் மூன்று மார்கழி செத்திருக்கிறாள். காற்று ஊதுகிற பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் ஓடவிட்டாள். ஸ்டாண்டுகளைச் சுற்றிப் பழைய கம்பளி, போர்வை, சாக்கு எல்லாவற்றையும் போர்த்தினாள். மீனுக்குத் தீனி போடவில்லை. சூடு குறைந்தால் செரிக்காது, மிச்சம் அழுகும். ஏழு மணிக்குத் தண்ணீர் இருபத்தொன்பதரை. பத்து மணிக்கு இருபத்தெட்டே முக்கால். மூன்று மணி நேரத்தில் முக்கால் டிகிரிதான். இந்தக் கணக்குக்கு நாளைக் காலை வரை தாங்கும். இன்வெர்ட்டர் பேட்டரிதான் சாயங்காலம் வரை வருமா என்பது சந்தேகம். ஒரத்தநாட்டில் ஒரு கடைக்காரர் வாடகைக்குப் பேட்டரி தருவதாகப் போனில் சொன்னார்.

அம்சம் மாயவரத்தில் மகள் வீட்டிலிருந்தாள். வீட்டிலிருந்தது சாமிதுரை மட்டும். வேறு வழியில்லாமல் அவரிடம் போய் நின்றாள். அவர் வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்திருந்ததால் அண்ணாந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"மாமா, ஒரத்தநாடு வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். மீன் ரூம் கதவை மட்டும் தொறக்க வேணாங்க. உள்ள இருக்கிற சூடு வெளிய போயிடக் கூடாது. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"ம்ம்" என்றார். கடைவாயில் ஒரு சொட்டு வழிந்தது. மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை எடுத்தாள். தண்ணீர் அத்தனை சீக்கிரம் ஆறாது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அந்த வாயை இன்னொரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

பேட்டரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் திரும்பும்போது மணி மூன்று. வாசலில் இறங்கியதுமே உமிப்புகை வாடை. கோழிக் கொட்டகையிலிருந்து வருகிறதாக்கும் என்று பார்த்தால் கொட்டகையில் சட்டி இல்லை. மீன் அறைக் கதவின் அடியில் உள்பக்கமிருந்து ஈரச்சாக்கு திணித்திருந்தது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமா! மாமா!"

பதில் இல்லை. தள்ளினாள், சாக்கு இறுகிக்கொண்டு கதவு நகரவில்லை. "நூரு!" என்று அவள் போட்ட கூச்சலில் நூர்ஜஹான் அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்தாள். இரண்டு பேரும் தோளால் இடித்து ஓராள் நுழைகிற அளவுக்குத் திறந்தார்கள். கண் எரிந்தது. இரண்டு உமிச்சட்டிகள், ஒன்று வாசல் பக்கம், ஒன்று டிஸ்கஸ் ஸ்டாண்டின் அடியில், சிவந்து கனன்றுகொண்டிருந்தன. நடுவில், நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து காவல் காத்தவர், சரிந்து தரையில் கிடந்தார்.

மங்களம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். வேட்டியும் பனியனும் எச்சில் கறையுமாகக் கிடந்த அந்த உடம்பைக் கக்கத்தில் கைகொடுத்துப் பிடித்து இழுத்தாள். வெளியே மழையில் போட்டதும் அவர் ஒரு கேவல் கேவி, காலையிலிருந்து தின்ற அத்தனையையும் அவள் மடியில் கக்கினார். இட்லியும் பாக்கும் சிவப்புச் சாறுமாக, இளஞ்சூட்டில். வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்து விலகி விலகி நடந்தாளோ, அது மொத்தமாகப் புடவையில் ஊறி இறங்கியது. எடுத்துப் போடவும் நேரமில்லை. மூச்சு இருக்கிறதா என்று அந்த வாயின் அருகில்தான் காதை வைக்க வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஒருத்தர் ஏற வேண்டும் என்றார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அதற்குள் கம்பளியை விலக்கி மேலடுக்கைப் பார்த்துவிட்டிருந்தாள். சிவப்பு ஜோடி கன்னங்கரேலென்று கறுத்துச் சாய்ந்து நின்றது. குஞ்சுகள் உடம்பை விட்டு உதிர்ந்துகொண்டிருந்தன. பம்பு நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்த புகையை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் ஊதியது அதுதான். அரைமணி நேரம் கொடுத்தால் மங்களம் காப்பாற்றிவிடுவாள். அந்த அரைமணி அவளிடம் இல்லை.

"நூரு, நீ பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள். வண்டி நகர்ந்ததும் போன் போட்டாள்.

"மொதல்ல சட்டி ரெண்டையும் கிடுக்கியால வெளிய தள்ளு. ஜன்னல்ல இருக்கிற தெர்மோகோலைக் கிழிச்சுப் போட்டுட்டு வெளிய வந்து நில்லு. புகை போனப்புறம் உள்ள போ. போயிடுச்சா? பம்பை எடுத்து ஜன்னலுக்கு வெளிய வை, நல்ல காத்தை இழுக்கட்டும். இப்ப மேலடுக்குல செவப்பு மீன் தொட்டி. பாதித் தண்ணியை எறக்கணும். டியூப்பு ஆணியில தொங்குது பாரு. ஒரு முனையைத் தண்ணிக்குள்ள வுட்டு, இந்தப் பக்கம் வாயை வச்சு உறிஞ்சு."

"வாயை வச்சா?"

"ஆமா நூரு."

"அந்த சளித் தண்ணியையாக்கா?"

அருவருக்காதே என்று சொல்ல மங்களத்துக்கு யோக்கியதை ஏது? போனின் மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகு ஓங்கரிக்கிற சத்தம். பிறகு வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"வருதுக்கா. ஒரு வாய் முழுங்கிட்டேன். அடுத்து என்ன சொல்லு."

"நீல டிரம்முல மூடி போட்ட தண்ணி இருக்கு. மக்குல மெதுவா, ஓரமா ஊத்து."

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை மங்களம் அப்படியே பேசிக்கொண்டு வந்தாள். உயிரோடிருக்கிற குஞ்சுகளை நூர்ஜஹான் எண்ணிச் சொல்லச் சொல்ல, இவளும் கூடவே எண்ணினாள். எதிரே ஆக்ஸிஜன் முகமூடியோடு சாமிதுரை. கூட வந்த நர்ஸ் ஒருமுறை கேட்டாள், "எண்ணிக்கிட்டே வர்றீங்களே, எத்தனை?"

"அறுபதுக்கு மேல இருக்குமாம்" என்றாள் மங்களம்.

"நிமிசத்துக்கு அறுபது மூச்சா?" என்று நர்ஸ் பதறித் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் மங்களத்துக்கு உறைத்தது. எதிரில் ஒரு மனுசர் மூச்சுக்குத் திணறுகிறார், அவள் இவ்வளவு நேரமும் மீனை எண்ணியிருக்கிறாள். மடியில் இருந்த வாந்தி நாறியது. அதைவிட அவளே அவளுக்கு நாறினாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து வைதார். மூடின ரூமில் உமியும் கரியும் கனன்றால் வருகிற விஷக் காற்றுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூக்கம் வருவதுபோல் இருக்கும், அப்படியே போய்விடுவார்கள், இன்னும் அரைமணி போயிருந்தால் பிணம்தான் என்றார். "ஜன்னல் கூடவா இல்லை?" என்று கேட்டார். மங்களம் தரையைப் பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு டேப் ஒட்டிய கை எது என்று அவர் கேட்கவில்லை.

சாமிதுரை முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார். உதடு வெளுத்திருந்தது. வெற்றிலை இல்லாத அந்த வாயை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"மங்களம்... மீனு சூடா இருக்கா? கதவை ஒரு பொட்டுத் தொறக்கலை. நீ சொன்ன மாரியே..."

அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, மறுபடியும் குமட்டலும் வந்தது. மனுசர் நல்லது செய்யத்தான் போயிருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்துவிட்டால் வெறுத்துவிட்டுப் போகலாம்.

மறுநாள் வீட்டுக்கு வந்து எண்ணினாள். ராத்திரிக்குள் இன்னும் பாதி போயிருந்தது. மீந்தது முப்பத்தொன்று. ஜோடி பிழைத்திருந்தது, நிறம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். மங்களம் ஜன்னலில் மறுபடி டேப் ஒட்டவில்லை. மேலே ஒரு சாண் அகலத்துக்குக் காற்றுவழி விட்டு, பம்பைத் தாழ்வாரத்தில் நல்ல காற்று படுகிற இடத்தில் மாட்டினாள். தீ என்று ஒன்று அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று கரியால் கதவில் எழுதினாள்.

சாமிதுரை தேறி வந்தார். வந்த அன்றே மறுபடி வெற்றிலை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஊருக்கே கதை சொன்னார். கரண்ட் போனதாம், மீனெல்லாம் விறைக்கத் தொடங்கியதாம், அவர் உமி மூட்டம் போட்டுத் தன் உயிரைப் பணயம் வைத்து முப்பத்தொரு குஞ்சைக் காப்பாற்றினாராம். செத்த நூற்றுச்சொச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நூர்ஜஹான் உறிஞ்சிய தண்ணீரும் அந்தக் கதையில் இல்லை. நாலாவது தடவை கேட்டபோது மங்களத்துக்குக் காதைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

தை பிறந்தது. அறுவடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அம்சம், சாமிதுரை, மங்களம், போனில் கோவிந்தராசு. பாதி தைத்த பாவாடைக்குப் பட்டி தைக்கிறேன் என்ற சாக்கில் நூர்ஜஹானும் ஓரமாக இருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மங்களம் ராப்பகலாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். குஞ்சு செத்தது குளிரால் இல்லை, உங்கள் அண்ணன் போட்ட புகையால். மிச்சத்தைக் காப்பாற்றியது இதோ இவள். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

கோவிந்தராசுதான் ஆரம்பித்தான். "அண்ணே, முப்பத்தொண்ணுதான் நின்னுச்சாமே. மூட்டைக்கு எடம் வேணும்னா ரூமை..."

"என்னடா பேசுற?" என்று சாமிதுரை எகிறினார். "நான் உசுரைக் குடுத்துக் காப்பாத்துன மீனுடா அது. மூட்டையை என் பக்கத்துத் தாழ்வாரத்துல அடுக்கிக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் அந்த ரூமுல எவனும் கை வைக்கக் கூடாது. என்னம்மா மங்களம், அன்னைக்கு நான் மட்டும் மூட்டம் போடலைன்னா ஒரு மீனு மிஞ்சியிருக்குமா? நீயே சொல்லு."

நூர்ஜஹானின் ஊசி துணியில் பாதியில் நின்றது. அவள் மங்களத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் அறை போகும். மங்களம் நூர்ஜஹானின் கண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"ஆமாங்க மாமா" என்றாள். "நீங்க இல்லைன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காதுங்க."

நூர்ஜஹான் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள். சாமிதுரை திருப்தியாக வாசல் பக்கம் போய்ப் புளிச்சென்று துப்பினார். மீன் அறைச் சுவரில்தான்.

மங்களத்துக்கு அது அசிங்கமாகப் படவில்லை. அவள் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போய்த் தன் வாயைக் கொப்பளித்தாள். ஒரு தரம் போதவில்லை. ஏழு தண்ணீர் கொப்பளித்தாள்.